பிடிபடாத குதிரை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் வாசிக்கப்பெற்ற உரை)

 

கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றி, வடநாட்டிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்ற நாங்கள் இருவரும் கலந்து எழுதிய உரை இது. வாசிப்பவர் ஒருவர், கருத்து இருவருடையது. கம்பனையும் வள்ளுவரையும் பற்றிப் பேச வல்ல அறிஞர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில் குதிரையைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோமே என்று சிலர் எண்ணக்கூடும். நம் காலனிக்குப் பின்புறத்து மைதானத்தில் இவ்வாண்டு மழைக்காலம் முழுவதும் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளைக் குதிரையை நீங்கள் யாவரும் பார்த்திருப்பீர்கள். ‘அதைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று குழந்தைகள் கேட்டார்கள். அவர்கள் விருப்பத்தைத் தட்ட முடியவில்லை.

இங்கே கல்யாண ஊர்வலத்துப் பெண்குதிரையைக் ‘கோடி’ என்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த தாய்மார் சிலர் அச்சொல்லை முதன்முதல் கேட்டபோது, மாப்பிள்ளை வீட்டார் கோடி கேட்கிறார்களோ என்று திகைத்ததுண்டு! குதிரையோடு நமக்குள்ள பழக்கம் அவ்வளவுதான். ஆயினும் குதிரையை நம்மவர் அறியாதவர் அல்லர். சங்க காலத்திலேயே அது கடல் வழியாகக் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் செலவிட்ட வாதவூரடிகளின் வரலாறும், நரிகள் பரிகளாகி மீண்டும் நரிகளான திருவிளையாடலும் நமக்குத் தொட்டில் கதைகள். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்த செய்தி நமக்குப் பெருமை தருவதன்று. அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை நம் மன்னர்கள் பெரும் பொருள் கொடுத்து வாங்கினார்களாம். பேணத் தெரியாத காரணத்தால் ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை மாண்டுபோயினவாம். வாங்குவது வேறு, வைத்துக்கொள்வது வேறு அன்றோ!

இனிப் பொருளுக்கு வருவோம். பிடிபடாத குதிரை என்பது எது? லாயத்தில் கட்டியிருக்கும்போது சாதுவாகவே இருக்கும். சேணம் வைத்தால் நிற்கும், ஏறினால் நடக்கும். அவிழ்த்து மேய விட்டுவிட்டு, மறுபடியும் பிடிக்கப் போனால்தான் வினை. பத்தடி தூரம் வரையில் வரவிட்டு, தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்து, நாலு கால் பாய்ச்சலில் மைதானத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொள்ளும். ‘திமிர்’ என்பார் அதன் சொந்தக்காரர். ‘ஏமாற்றுக்காரக் குதிரை’ என்பார் வேடிக்கை பார்ப்பவர். எங்கள் அனுபவத்தில் அது திமிரும் அன்று, ஏமாற்றும் அன்று. கயிறு கழுத்தில் விழுந்த பிறகு தனக்கு என்ன நேரும் என்பதைச் செவ்வையாகக் கற்றுக்கொண்ட குதிரை அது.

அந்தக் குதிரைக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது? கார்த்திகை முதல் மாசி வரையில் இங்கே கல்யாணக் காலம். மாலை மயங்கியதும் சரிகைத் துணி போர்த்தி, சேணம் இறுக்கி நிறுத்துவார்கள். காதருகே பேண்டு வாத்தியம், காலருகே பட்டாசு, கண்ணெதிரே தலைமேல் சுமந்த விளக்குகள். ஒரே இரவில் இரண்டு மூன்று ஊர்வலங்கள் போகும் நாளும் உண்டு. அந்த அமளியில் குதிரை மிரளாமல் நிற்க வேண்டும் என்பதற்காக வாயில் முள் வைத்த கடிவாள இரும்பைச் சிலர் மாட்டுகிறார்கள். 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இல் இயற்றப்பெற்ற விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எனினும் தடை ஏட்டோடு நிற்க, இரும்பு வாயோடு இருக்கிறது. நாங்கள் முதன்முதலில் அக்குதிரையின் வாயைத் திறந்து பார்த்தபோது உதட்டோரம் இருபுறமும் ஆறிய தழும்பும் ஆறாத புண்ணும் இருந்தன. அதைக் கண்ட பிறகு, அது ஏன் ஓடியது என்று கேட்க வேண்டியதில்லை. அதுநாள் வரையில் ஒரு மனிதனையும் கடிக்காமல் இருந்ததே என்றுதான் வியந்தோம்.

ஆடி முதல் நாலு மாதம் இங்கே கல்யாணம் கிடையாது. வேலையில்லாத குதிரைக்குத் தீனி போட்டுக் கட்டாது என்று குதிரைக்காரர் அதை மைதானத்தில் அவிழ்த்து விட்டார். ஒரு வாரம் கழித்து லாடம் அடிக்கப் பிடிக்க வந்தார், முடியவில்லை. மறுநாள் நாலு பையன்களைக் கூட்டிவந்தார். மூலையில் மடக்கினார்கள், அது ஒரு பையனைத் தள்ளிவிட்டு வெளியேறியது. வேகமாக ஓடும் குதிரை மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போகும். அதை ஓடிப் பிடிப்பது நடக்கிற காரியமா? ‘டாக்டர் சாஹிப், இது என்னைக் கெடுக்கப் பிறந்தது. செங்கல் சூளைக்காரனுக்குக் கொடுத்துவிடப் போகிறேன்’ என்றார்.

செங்கல் சூளை என்ற சொல் காதில் விழுந்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். படைக் குதிரை, பந்தயக் குதிரை, கல்யாணக் குதிரை, வாடகைக் குதிரை என்று படிப்படியாக இறங்கிவரும் பிராணிகளுக்குச் சூளைச் சுமைதான் கடைசிப் படி. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறக்குறைய 3,40,000. 2012இல் எடுத்த கணக்குக்கு இது ஏறத்தாழப் பாதிதான். எஞ்சியவற்றின் உழைப்பு குறைந்துவிடவில்லை. குதிரைக்காரரையும் நாங்கள் குறை கூறவில்லை. நாலு மாதம் வருவாயின்றி வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு போடுபவர் அவர். பிடிபடாத குதிரை அவருக்குப் பூட்டிய கடை போன்றது. இரண்டு மாதத் தவணை கேட்டோம். தீனிச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதாகச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் குதிரையின் கண்ணைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நமக்குக் கண்கள் முகத்தின் முன்புறத்தில் இருக்கின்றன. குதிரைக்குத் தலையின் இரு பக்கங்களிலும். தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறம் முழுவதையும் அது காண்கிறது. நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதியும், வாலுக்கு நேர் பின்னால் ஒரு பகுதியும் மட்டுமே அதற்குத் தெரியா. அன்பு மிகுதியால் நேரே முகத்துக்கு எதிரே போய்க் கையை நீட்டுகிறோமே, அந்தக் கை கடைசி ஒரு முழத்தில் அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. மறைந்த கை என்ன செய்யுமோ என்று அது தலையைத் தூக்குவது இயல்பு. மேலும், குதிரை இரையாகிப் பிழைத்த குலம்; புலியும் ஓநாயும் துரத்தத் துரத்த ஓடித் தப்பிய முன்னோர்களின் வழித்தோன்றல். கண்ணை நிலைநாட்டி, நேர்கோட்டில், ஓசையின்றிப் பதுங்கி வருபவன் யாராயினும், அவன் கையில் வெல்லமே இருந்தாலும், அதன் கண்ணுக்குப் புலிதான்.

மனித முகத்தையும் அது படிக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சினந்த முகத்தின் புகைப்படத்தைக் கண்ட குதிரைகளின் இதயத் துடிப்பு விரைவில் உயர்ந்தது. 2018இல் அவர்களே இன்னொன்று கண்டார்கள். காலையில் ஒருவருடைய சினந்த முகத்தைப் படத்தில் பார்த்த குதிரை, சில மணி நேரங்கழித்து அதே மனிதர் சாந்தமாக வந்து நின்றபோதும் அவரிடம் எச்சரிக்கையாகவே இருந்தது. கிரேக்க நாட்டுப் படைத்தலைவர் செனபோன் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில், கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்று வற்புறுத்தியிருக்கிறார். அந்த முதியவர் கண்டதைப் புகைப்படமும் துடிப்புமானியும் கொண்டு இன்று உறுதி செய்திருக்கிறார்கள்.

சரி, நாங்கள் செய்தது என்ன? முதல் எட்டு நாட்கள் ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்லலாம். மாலை ஐந்து மணிக்குக் கயிறு இல்லாமல், தீனி இல்லாமல், இரண்டு மோடாக்களைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவில் போய் உட்கார்ந்தோம், செய்தித்தாள் படித்தோம், அரை மணி கழித்து எழுந்து வந்துவிட்டோம். மாடியில் நின்று பார்த்த சிலர் எங்கள் ஓய்வூதியக் கோலத்தைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ, தெரியாது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குதிரை எங்களை விட்டு விலகிப் போவதற்கு முன்பாக நாங்கள் அதை விட்டு விலகி வந்தோம். மனிதன் வருவதும் தன்னை ஒன்றும் கேளாமல் போவதும் அதற்குப் புதிய செய்தி. நாலாம் நாள் காதுகள் எங்கள் பக்கம் திரும்பின. ஏழாம் நாள் மேய்ந்துகொண்டே இருபது அடிக்கு வந்தது.

ஒன்பதாம் நாள் முதல் எழுந்து நடக்கத் தொடங்கினோம். அதை நோக்கியல்ல, அதன் தோளுக்குச் சற்று விலகி, வளைந்த வழியில், வாய்க்கு வந்த பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. ‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற’ என்று நம் கிராமத்தில் சொல்வார்கள். குதிரைக்குப் பாட்டு இன்பம் தருகிறதோ இல்லையோ, நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அது அறிந்துகொண்டே இருக்கும். அது மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நாங்கள் உடனே நின்றோம். எங்களைத் திரும்பிப் பார்த்தால் ஓரடி பின்வாங்கினோம். இதைத்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். குதிரை ஒரு கணம் நின்று பார்த்தால், ‘நின்றுவிட்டது, பிடி!’ என்று பாய்கிறார்கள். நின்றதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை அது ஏன் நிற்கும்? நின்றால் நெருக்கடி குறையும் என்பதை அது அறிய வேண்டும்.

இங்கே ஒரு குறுக்கு வழியையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் எல்லோரும் அதைத்தான் யோசனை சொன்னார்கள். வாளியில் கொண்டைக்கடலையைக் குலுக்கிக் காட்டி, கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அது வாயை வைத்ததும் கழுத்தில் போடுவது. முதல் முறை பலிக்கும். இரண்டாம் முறையும் பலிக்கலாம். அதன் பிறகு வாளியைக் கண்டாலே ஓடும். நாங்கள் கயிற்றை ஒருநாளும் மறைக்கவில்லை. பதினைந்தாம் நாள் முதல் அதைத் தோளில் வெளிப்படையாகத் தொங்கவிட்டுக்கொண்டே போனோம்.

பதினெட்டாம் நாள் தொட முடிந்தது. புறங்கையால், தோளில், ஒரு மூச்சு நேரம். பிறகு நாங்களே விலகினோம். குதிரையைத் தட்டிக்கொடுப்பது மனிதர்களின் வழக்கமே தவிர, குதிரைகளின் வழக்கம் அன்று. அவை ஒன்றையொன்று தேற்றும்போது, பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுப் பகுதியைப் பல்லால் மெல்லச் சொறிந்துகொள்கின்றன. அவ்விடத்தில் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரெஞ்சு நாட்டுக் கமார்க் இனக் குதிரைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 1993இல் வெளியாயிற்று. எங்கள் விரல்கள் அவ்விடத்தைத் தேடிப்பிடித்தபோது அந்த வெள்ளைக் குதிரை கழுத்தை நீட்டி, மேலுதட்டைக் கோணி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்ற காட்சியைச் சுவரோரத்தில் நின்று பார்த்த குழந்தைகள் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

அதன் பிறகு கயிற்றைக் கழுத்தில் போட்டோம், எடுத்தோம். போட்டு ஒரு பிடி கடலை கொடுத்தோம், எடுத்தோம். பத்து முறை பிடித்தால் ஒன்பது முறை ஒரு காரியமும் இல்லாமல் அவிழ்த்து விட்டோம். எடுக்கும்போது குதிரையின் முகத்தை நம் பக்கம் திருப்பி, அது அமைதியாக நின்ற பிறகே அவிழ்க்க வேண்டும். இல்லையேல் அவிழ்த்த கணத்தில் உதைத்துக்கொண்டு ஓடும் பழக்கம் வந்துவிடும். மரியாதை என்பது இரு தரப்புக்கும் பொது. ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள பிராணி சட்டைப் பையில் மூக்கை நுழைத்து நம்மைத் தள்ளினால் அது அன்பு என்று மகிழ்வது அபாயம். ஓரடி பின்னே போ என்று அதன் மார்பில் இரண்டு விரல் வைத்துக் கேட்டோம். போனதும் விரலை எடுத்தோம். அடி ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆவணிக் கடைசியில், ஏறக்குறைய ஆறாவது வாரத்தில், மைதானத்து ஓரத்தில் கிடந்த பழைய முள்கம்பியில் அதன் பின்னங்கால் மாட்டிக்கொண்டது. குளம்புக்கு மேலே நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. டெட்டனஸ் எனப்படும் இசிவு நோய்க் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. அந்த நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் பிராணிகளுள் குதிரை முதன்மையானது. கண்டுவிட்டால் பிழைப்பது அரிது. அந்தக் குதிரைக்கு முன்னர்த் தடுப்பூசி போட்டதே இல்லை என்று குதிரைக்காரர் சொன்னார். அவர் வந்து கூப்பிட்டார். மூன்று காலால் ஓடியது. ஓட ஓட இரத்தம் கொட்டியது. அவரை வாயிலருகே நிற்கச் சொல்லிவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கமான வளைந்த வழியில், வழக்கமான பாட்டோடு நடந்தோம். முதல் முறை விலகியது, நின்றோம். இரண்டாம் முறையும் விலகியது. மூன்றாம் முறை உடல் நடுங்க நின்றது. கயிற்றைப் போட விட்டது. புண்ணைக் கழுவி, தைத்து, மருந்தை ஊசி வழியே செலுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. குதிரைக்காரர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை.

கதையில் படிப்பது போல அன்றோடு எல்லாம் நேராகிவிடவில்லை. ஊசி போட்டவர்களை அது மறக்குமா? அடுத்த நாலு நாட்கள் எங்களைக் கண்டதும் முப்பது அடி தூரத்தில் நின்றுகொண்டது. மீண்டும் மோடா, மீண்டும் செய்தித்தாள். ஆனால் இம்முறை எட்டு நாள் வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாளே வந்தது.

எங்களிடம் வருவதால் மட்டும் என்ன பயன்? சொந்தக்காரரிடம் வர வேண்டுமே! புரட்டாசி முழுவதும் அவரை எங்களோடு உட்கார வைத்தோம். அவருக்கு அது பெரும் பாடு. ‘டாக்டர் சாஹிப், என் தகப்பனார் குதிரைக்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை’ என்றார். வாயில் இருந்த புண்ணை அவர் விரலாலேயே தடவிப் பார்க்கச் செய்தோம். முள் கடிவாளத்தை விட்டுச் சாதாரண இரும்புக்கு மாற அவர் தயங்கியதற்குக் காரணம் கொடுமையன்று, பயம். பட்டாசுச் சத்தத்தில் மாப்பிள்ளையோடு குதிரை பாய்ந்துவிட்டால் அவர் பிழைப்பே போய்விடும். எனவே பையன்களை விட்டுத் தகரம் தட்டச் செய்து, தூரத்திலிருந்து சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து பழக்கினோம். ஐப்பசி மத்தியில் அவர் தனியாகப் போய்க் கயிறு போட்டு அழைத்து வந்தார்.

தில்லிப் பாதுஷாவின் அடங்காத குதிரையைச் செஞ்சித் தேசிங்கு அடக்கியதை நம் கதைப்பாடல் போற்றுகிறது. முரட்டுக் குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கண்டறிந்து அதைச் சூரியனை நோக்கித் திருப்பினான் என்று புளூட்டார்க்கு எழுதினார். அந்தப் புசிபாலசு என்ற குதிரை கி.மு. 326இல் சீலம் நதிக்கரையில், அன்றைய பஞ்சாபு மண்ணில் மாண்டது. அதன் பெயரால் அங்கே ஒரு நகரமும் எழுந்தது. இந்த இரு கதைகளுள் எங்களுக்குப் பின்னதே பிடிக்கும். அடக்குவதற்கு முன்னால் அவன் காரணத்தைப் பார்த்தான்.

இப்போது மீண்டும் கல்யாணக் காலம். அந்தக் குதிரை இரவில் ஊர்வலம் போகிறது; பகலில் மைதானத்தில் நிற்கிறது. தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மீந்துபோன ரொட்டியும் பூரியும் புண்ணியம் என்று கருதி அதற்குப் போட வேண்டாம். குதிரைக்கு வாந்தியெடுக்கும் வசதியை இயற்கை கொடுக்கவில்லை. வயிற்றில் தங்கியது வலியாகி உயிரைக் குடித்துவிடும். கொடுக்க விரும்பினால், குதிரைக்காரரைக் கேட்டு, ஊறவைத்த கொள்ளு ஒரு பிடி, தட்டில் வைத்துக் கொடுங்கள். குழந்தைகள் அதன் பின்புறமாக ஓடக் கூடாது; கிட்டப் போக விரும்பினால் எங்களோடு மாலையில் வந்து முதலில் உட்காரட்டும்.

மைதானத்து ஓரத்தில் அந்த முள்கம்பி இன்னும் சில இடங்களில் புல்லுக்குள் கிடக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதை அகற்றப் போகிறோம். தடித்த கையுறை ஆறு ஜோடி எங்களிடம் இருக்கிறது. கம்பி வெட்டும் குறடு இரண்டுதான் உண்டு. வீட்டில் குறடு வைத்திருப்பவர்கள் எடுத்து வந்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.